திரைப் பகிர்வில் கணிதம்: மாணவர் கண்ணில் எது பட வேண்டும்?

கேள்வி இது: "இணையவழி வகுப்பில் திரையைப் பகிர்ந்து உயர்நிலை மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். ஸ்லைடுகளைக் கவனமாகத் தயாரிக்கிறேன். 'புரிகிறதா?' என்று கேட்டால் 'புரிகிறது' என்கிறார்கள். தாமாக ஒரு கணக்கைப் போடச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். நல்ல கருவி ஏதாவது வாங்கினால் இது சரியாகுமா? திரைப் பகிர்வை எப்படித்தான் பயன்படுத்துவது?"

கருவிகளைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் கடைசியில். உங்கள் சிக்கலுக்கான காரணம் கேள்வியிலேயே இருக்கிறது. ஸ்லைடுகளைத் தயாரித்துவிட்டு வகுப்புக்கு வருகிறீர்கள். அதாவது, வகுப்பு தொடங்கும்போதே கணக்கு முடிந்துவிட்டது. மாணவர் பார்ப்பது போட்டு முடித்த ஒரு கணக்கை. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து சரியாகவே வந்திருப்பதால் அவருக்கு மறுக்க எதுவுமில்லை. ஆகவே "புரிகிறது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரி வந்ததைப் புரிந்துகொள்வது வேறு, அடுத்த வரி என்னவாக இருக்க வேண்டும் என்று தானே தேர்ந்தெடுப்பது வேறு. இரண்டாவதுதான் கணிதம். ஸ்லைடில் அது தெரியாது.

எனவே திரைப் பகிர்வில் நான் விடாப்பிடியாக வலியுறுத்துவது இரண்டே விஷயங்களை. கணக்கு மாணவரின் கண்முன்னே உருவாக வேண்டும். வகுப்பின் ஒரு பகுதியிலாவது திரையில் இருப்பது மாணவர் போட்ட கணக்காக இருக்க வேண்டும். மீதி எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை செய்யும் நுட்பங்கள்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். வர்க்கப் பூர்த்தி முறையில் ஒரு இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஸ்லைடில் "இருபுறமும் 9ஐக் கூட்டுக" என்று ஒரு வரி தோன்றிவிடும். மாணவரின் மனத்தில் எழ வேண்டிய கேள்வி, "ஏன் 9? 4 ஏன் கூடாது?" என்பது. கையால் எழுதும்போது நீங்கள் அந்த இடத்தில் இயல்பாகவே நிற்பீர்கள். "இங்கே ஒரு எண்ணைக் கூட்டினால் இடப்பக்கம் முழு வர்க்கமாகிவிடும். எந்த எண்?" என்று கேட்பீர்கள். யாராவது 36 என்பார். அதையே எழுதிப் பார்த்து, ஏன் பொருந்தவில்லை என்று காட்டி, அடித்துவிட்டு, எக்ஸின் கெழு 6 என்றால் அதில் பாதியின் வர்க்கம் வேண்டும் என்ற இடத்துக்கு வகுப்பே வந்து சேரும். அடித்த அந்த 36 திரையிலேயே இருக்கட்டும். அழிப்பான் கருவியைக் கணித வகுப்பில் குறைவாகவே பயன்படுத்துங்கள். எதை முயன்றோம், எது ஒத்துவரவில்லை என்பதும் பாடத்தின் பகுதி.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. லோகன் ஃபியோரெல்லாவும் ரிச்சர்ட் மேயரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், டாப்ளர் விளைவை (ஒலி எழுப்பும் பொருள் நகரும்போது சுருதி மாறிக் கேட்பதை) தயாராக வரைந்து வைத்த படங்களைக் காட்டி விளக்குவதையும், ஆசிரியர் கையால் வரைந்துகொண்டே விளக்குவதையும் ஒப்பிட்டார்கள். முன்னறிவு குறைவாக இருந்தவர்களுக்கு வரைந்துகொண்டே விளக்கியது கூடுதலாக உதவியது. நமது வகுப்பில் கஷ்டப்படுகிறவர்களும் அந்த மாணவர்கள்தானே.

இதைக் கேட்டுவிட்டு ஸ்லைடுகளைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கணக்கின் வாசகம், கொடுக்கப்பட்ட படம், அட்டவணை, சூத்திரம் ஆகியவற்றை முன்கூட்டியே தயாரித்து வைப்பதுதான் நல்லது. அவற்றை வகுப்பில் எழுதிக்கொண்டிருப்பது நேர விரயம். கணக்கின் வாசகம் மேலே, அதன் கீழே வெற்றிடம்: ஒரு பக்கம் இப்படி இருந்தால் போதும். அந்த வெற்றிடத்தில்தான் வகுப்பு நடக்கிறது. இன்னொன்று: திரையில் வாசகம் முழுதாக இருக்கும்போது அதையே சொல்லுக்குச் சொல் வாசிக்காதீர்கள். மாணவர் தம் வேகத்தில் கண்ணால் படிப்பார், உங்கள் குரல் வேறு வேகத்தில் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். படிக்க அரை நிமிடம் கொடுத்துவிட்டு, "இதில் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள்?" என்று தொடங்குங்கள்.

கரும்பலகையோடு ஒப்பிடும்போது திரைக்கு ஒரு பெரிய குறை உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. அகலமான கரும்பலகையில் பத்து நிமிடத்துக்கு முன் எழுதியதும் இருக்கும். பின்தங்கிய மாணவர் கண்ணைத் திருப்பி அங்கே பார்த்துக்கொள்வார். திரையிலோ பக்கத்தை நகர்த்தியதும் முந்தைய வரி மறைந்துவிடும், அதை எல்லாருக்குமாக மறைப்பது நீங்கள்தான். ஆகவே பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கக் குறுகிய பத்தியில் அன்றைய சூத்திரங்கள், கொடுக்கப்பட்டவை, இதுவரை நிறுவிய முடிவுகள். அது நகரவே கூடாது. வலப்பக்கத்தில் கணக்கு. நீண்ட கணக்கு என்றால் புதிய பக்கத்தின் உச்சியில் முந்தைய பக்கத்தின் கடைசி வரியை மறுபடி எழுதிவிட்டுத் தொடருங்கள். சிறிய வேலைதான், ஆனால் பின்தங்கியவர் திரும்பச் சேர்ந்துகொள்ள அது ஒரு வழியைத் திறந்துவைக்கிறது.

பக்கத்தை மெல்ல உருட்டிக்கொண்டே போவதைத் தவிர்க்கத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. திரைப் பகிர்வு உங்கள் திரையை ஒரு காணொளியாக மாற்றி அனுப்புகிறது. ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் இடையே மாறிய பகுதியைத்தான் பெரும்பாலும் அனுப்பும். நீங்கள் ஒரு கோடு போட்டால் மாறியது கொஞ்சம்தான், உடனே போய்ச் சேர்ந்துவிடும். பக்கத்தை உருட்டினால் திரை முழுவதும் மாறுகிறது. இணைப்பு மெதுவாக உள்ள மாணவருக்கு எழுத்துகள் மங்கி, சில நொடி கழித்துத்தான் தெளியும். ஜூமில் காணொளிக்கு ஏற்றபடி பகிரும் ஒரு தேர்வு உண்டு; அது அசைவைச் சீராக்கும், ஆனால் கூர்மையைக் குறைத்துவிடக்கூடும். எழுத்துக்கும் எண்ணுக்கும் கூர்மைதான் முக்கியம். அடுக்குக்குறியில் 2ஆ 3ஆ என்று தெரியாமல் போனால் கணக்கே மாறிவிடும். எனவே எழுதும்போது அந்தத் தேர்வை அணைத்தே வையுங்கள்.

இந்தத் தாமதம் உங்கள் பேச்சையும் மாற்ற வேண்டும். குரல் ஒரு வழியாகவும் திரை ஒரு வழியாகவும் பயணிக்கின்றன. இரண்டும் ஒரே நொடியில் சேரும் என்ற உறுதி இல்லை. "இதை இங்கே கொண்டுவந்தால் இது போய்விடும்" என்று சுட்டியை ஆட்டிக்கொண்டே சொல்கிறீர்கள். மாணவரின் திரையில் சுட்டி இன்னும் வேறெங்கோ இருக்கிறது. அவருக்கு "இது" எது, "இங்கே" எது? வரிகளுக்கு எண் போடுங்கள். "மூன்றாம் வரியின் வலப்பக்கத்தில் உள்ள 6ஐ இடப்பக்கம் கொண்டுபோகிறோம்" என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். சில வகுப்புகளிலேயே இது பழகிவிடும். அதன் பிறகு மாணவர்களும் "ஐந்தாம் வரியில் குறி மாறியது ஏன்?" என்று கேட்கத் தொடங்குவார்கள். "எனக்குப் புரியவில்லை" என்ற பொதுவான புலம்பல், இடம் குறிப்பிட்ட கேள்வியாக மாறுவதைவிட ஒரு கணித ஆசிரியருக்கு மகிழ்ச்சி வேறென்ன?

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் வகுப்பில் இருந்தால் இப்படிப் பேசுவது அவசியமே ஆகிவிடுகிறது. பகிரப்பட்ட திரை வெறும் படம்; திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளால் அதிலுள்ள ஓர் எண்ணைக்கூடப் பொதுவாக வாசிக்க முடியாது. கணக்குகளைத் தட்டச்சு செய்த கோப்பாக முன்கூட்டியே அவருக்கு அனுப்பிவிடுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத மாணவர்களும் இருப்பார்கள், அவர்களில் பலர் அதைச் சொல்லமாட்டார்கள். "சிவப்பில் இருப்பதைப் பாருங்கள்" என்பதோடு நிறுத்தாமல் அடிக்கோடோ வட்டமோ போடுங்கள். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான இணை.

இனி வரைபடங்களுக்கு வருகிறேன். திரைப் பகிர்வு கரும்பலகையை உண்மையிலேயே வெல்லும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தொடங்கிய ஜியோஜீப்ராவும், 2011இல் தொடங்கப்பட்ட டெஸ்மோஸும் வரைபடம் வரைய உதவும் மென்பொருள்கள்; இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஸ்லைடர் எனப்படும் நழுவல் உண்டு: ஒரு எண்ணை இழுத்து மாற்றினால் வரைபடம் கூடவே மாறும். ஆசிரியர்கள் பெரும்பாலும் நழுவலை இழுத்துக் காட்டி, "பார்த்தீர்களா, வளைவு எப்படி நகர்கிறது!" என்கிறார்கள். மாணவர்கள் பார்க்கிறார்கள், அழகாக இருக்கிறது, ஒன்றும் மனத்தில் தங்குவதில்லை. நழுவலைத் தொடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் ஊகித்து நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ஊகம் இல்லாமல் காட்டும் அசைவு வேடிக்கையாகவே முடியும்.

நான் மிகவும் விரும்பும் எடுத்துக்காட்டு ஒன்று. எக்ஸ் வர்க்கத்தின் கெழு 1, மாறிலி 1 உள்ள ஒரு இருபடிச் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள எக்ஸின் கெழுவை மட்டும் நழுவலாக வையுங்கள். மாறிலியை மாற்றினால் பரவளையம் மேலும் கீழும் நகரும், எக்ஸ் வர்க்கத்தின் கெழுவை மாற்றினால் குறுகும் விரியும் என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். நடுக்கெழுவை மாற்றினால்? பெரும்பாலானோர் "இடமும் வலமும் நகரும்" என்று எழுதுவார்கள். இப்போது மெதுவாக இழுங்கள். கெழு 0 ஆக இருக்கையில் முனை (0, 1) இல் இருக்கிறது. கெழு 2 ஆனதும் (−1, 0). 4 ஆனதும் (−2, −3). எதிர்ப்பக்கம் −2 என்றால் (1, 0). பக்கவாட்டில் மட்டும் போகவில்லை, கீழேயும் இறங்குகிறது! முனையின் தடத்தைப் பதியவைக்கும் வசதியை இயக்கினால், அந்தத் தடமே தலைகீழான இன்னொரு பரவளையம் என்பது தெரியவரும். எந்த இடத்தில் கெழுவை நிறுத்தினாலும் முனை அந்தத் தலைகீழ்ப் பரவளையத்தின் மேல்தான் இருக்கிறது.

இந்த நொடியில் வரைபடத்தை நிறுத்திவிட்டு எழுதும் பக்கத்துக்கு வர வேண்டும். "ஏன் பரவளையம்? ஏன் தலைகீழ்?" முனையின் எக்ஸ் மதிப்பு நடுக்கெழுவில் பாதியின் எதிர்மறை, அதைச் சார்பில் இட்டால் ஒய் மதிப்பு 1இலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழித்ததாக வருகிறது. மூன்று வரி வேலை. வரைபடம் கேள்வியை எழுப்பியது, பேனா அதற்கு விடை சொன்னது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் நிறுவிவிட்டுப் பிறகு வரைபடத்தைச் சான்றாகக் காட்டினால் பாதி உயிர் போய்விடும்.

வடிவியலில் ஜியோஜீப்ராவுக்கு நிகர் வேறில்லை என்றே சொல்வேன். ஏதாவதொரு நாற்கரத்தின் பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் கிடைக்கும். பியேர் வாரிஞோன் கண்ட இத்தேற்றம் அவர் இறந்தபின் 1731இல் வெளியானது. நோட்டில் ஒரு நாற்கரம் வரைந்து பார்த்தால் "இந்த ஒன்றுக்கு அப்படி வந்திருக்கலாம்" என்று தோன்றும். திரையில் ஒரு உச்சியைப் பிடித்து இழுக்கலாம்; நாற்கரம் கோணலாகிறது, உட்குழிகிறது, பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன, உள்ளே இருப்பது மட்டும் இணைகரமாகவே இருக்கிறது. "எப்போதும்" என்ற சொல்லின் கனம் அப்போதுதான் மாணவருக்குத் தெரிகிறது. அந்த உச்சியை நீங்கள் இழுக்காமல், திரையை இயக்கும் அனுமதியை ஒரு மாணவருக்குக் கொடுத்து, "இதை இணைகரம் இல்லாமல் ஆக்கிக் காட்டு" என்று சவால் விடுங்கள். முடியாது என்று உணர்ந்த பிறகு, மூலைவிட்டம் வரைந்து நடுப்புள்ளித் தேற்றத்தால் நிறுவுவதைக் கேட்க வகுப்பே தயாராக இருக்கும்.

அதே சமயம், திரை காட்டுவதெல்லாம் உண்மை அல்ல என்பதையும் காட்டியாக வேண்டும். எக்ஸ் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்து, எக்ஸிலிருந்து 1ஐக் கழித்ததால் வகுக்கும் சார்பை வரையச் சொன்னால், திரையில் ஒரு நேர்க்கோடு முழுமையாகத் தெரியும். எக்ஸ் 1 ஆகும் இடத்தில் சார்புக்கு மதிப்பே இல்லை. ஒரு புள்ளி அளவு ஓட்டை சாதாரணப் பார்வைக்குத் தென்படாது. விரிதாளிலும் ஒன்று செய்யலாம். 1 + 1/10 ஐ 10இன் அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 2.5937. 10க்குப் பதில் 100 என்றால் 2.7048, 1000 என்றால் 2.7169. எண் பெரிதாகப் பெரிதாக 2.71828 என்ற மதிப்பை நெருங்குகிறது. மாணவர்களை மேலும் மேலும் பெரிய எண் கொடுக்கச் சொல்லுங்கள். 1க்குப் பின் 16 சுழியங்கள் உள்ள எண்ணைக் கொடுத்ததும் விடை திடீரென்று 1 ஆகிவிடும். கணினி ஓர் எண்ணில் ஏறத்தாழ 15, 16 இலக்கங்களைத்தான் நினைவில் வைக்கிறது. அவ்வளவு சிறிய பின்னத்தை 1உடன் கூட்டும்போது அதைத் தொலைத்துவிடுகிறது, பிறகு 1இன் எந்த அடுக்கும் 1தானே. "கணினியே சொல்லிவிட்டது" என்ற நம்பிக்கையை அசைக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது இரண்டாவது விஷயம்: மாணவரின் கணக்கு திரைக்கு வருவது. நான் இதையே முக்கியமாகக் கருதுகிறேன். நேரடி வகுப்பில் ஆசிரியர் பெஞ்சுகளுக்கு இடையே நடந்து நோட்டுகளைப் பார்ப்பார். இருபது நோட்டுகளைப் பார்த்தால் போதும், எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். இணையவழியில் அந்த நடை இல்லாமல் போய்விட்டது. அதற்கு ஈடாக எதையாவது வேண்டுமென்றே உருவாக்கினால்தான் உண்டு.

எளிய வழி, நோட்டின் புகைப்படம். ஒரு கணக்கைக் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்து அரைகுறையாக இருந்தாலும் படம் எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். முடித்த பிறகு அனுப்பச் சொன்னால் முடிக்காதவர்கள் ஒளிந்துகொள்வார்கள். வந்த படங்களில் இரண்டு மூன்றைத் தேர்ந்து, பெயரை மறைத்து, திரையில் வைத்து, "இவர் எப்படி யோசித்திருக்கிறார்?" என்று கேளுங்கள். "இதில் என்ன தவறு?" என்று கேட்பதைவிட அது நல்லது, சரியான கணக்கையும் அதே கேள்வியோடு வைக்க முடியும் என்பதால், திரையில் வந்தாலே தவறு என்ற பயம் போய்விடும். யாரோ ஒருவர் 3ஐயும் 4ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தச் சொன்னதற்கு 9 + 16 என்று எழுதியிருப்பார். 25 வருகிறது; உண்மையில் 7இன் வர்க்கம் 49. விடுபட்ட 24 எங்கே போனது என்று தேடினால் 3 × 4இன் இருமடங்கு கண்ணுக்குத் தெரியும். 7 அலகுப் பக்கமுள்ள சதுரத்தை 3, 4 என்று பிரித்து வரைந்தால் அந்த 24 இரண்டு செவ்வகங்களாக எதிரில் நிற்கும். வகுப்பில் பாதிப் பேர் செய்யும் இந்தத் தவறைத் துணிந்து எழுதிய மாணவருக்கு, பெயர் சொல்லாமலேயே, நீங்கள் நன்றி சொல்லலாம்.

பெயரை மறைப்பதை நான் நிபந்தனையாகவே வைப்பேன். டெஸ்மோஸின் வகுப்பறைச் செயல்பாடுகளில் மாணவர் பெயர்களுக்குப் பதிலாகக் கணித மேதைகளின் பெயர்களைக் காட்டும் வசதி இதற்காகவே இருக்கிறது. எல்லாருடைய திரையையும் ஒரே நேரத்தில் நிறுத்திவைக்கவும் முடியும். 2022இலிருந்து அந்த வகுப்பறைப் பகுதி ஆம்ப்ளிஃபை நிறுவனத்திடம் இருக்கிறது. வரைபடக் கணிப்பான் தனியாகத் தொடர்கிறது. ஜியோஜீப்ராவிலும் இதேபோல் எல்லா மாணவர்களின் வேலையையும் ஆசிரியர் நேரடியாகப் பார்க்கும் வகுப்பறை வசதி உண்டு.

பகிர்ந்த திரையின் மேலேயே மாணவர்கள் குறியிடும் வசதியும் பயனுள்ளது. ஒரு எண்கோட்டை வைத்து, "√10 எங்கே இருக்கிறது என்று ஒரு புள்ளி வையுங்கள்" என்று சொன்னால் பத்து விநாடியில் முழு வகுப்பின் மனமும் திரையில் விரிந்துவிடும். 3க்குச் சற்று வலப்பக்கத்தில் ஒரு கூட்டம், 5இன் அருகே ஒரு கூட்டம். 5இல் வைத்தவர்கள் 10இல் பாதியை எடுத்திருக்கிறார்கள். வர்க்கமூலத்தையும் பாதியையும் குழப்பிக்கொள்வது எவ்வளவு பரவலானது என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும். வேலை முடிந்ததும் அந்த அனுமதியை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கிறுக்கல்கள் தொடங்கிவிடும்.

உரையாடல் பெட்டியில் விடை எழுதச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. தட்டச்சில் கணிதம் எளிதில் திரிந்துவிடும். "1/2+3" என்று ஒருவர் எழுதினால் அது மூன்றரையா, ஐந்தில் ஒன்றா? "√9+16" என்பது 19ஆ, 5ஆ? அடைப்புக்குறி போடும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். அதுவே ஒரு நல்ல கணிதப் பாடம். டொனால்டு குனுத் 1978இல் வெளியிட்ட டெக் மென்பொருளிலிருந்து வளர்ந்த, கணிதக் குறியீடுகளைக் கட்டளைகளாகத் தட்டச்சு செய்யும் லாடெக் முறையைப் பெரிய வகுப்பு மாணவர்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு அறிமுகப்படுத்தலாம், ஆனால் எல்லாரையும் அதில் எழுதச் சொல்வது சரியல்ல. கணிதத்தோடு போராட வேண்டிய நேரத்தில் அவர்கள் தட்டச்சோடு போராடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்வோரும் கூடினர். அது ஒரே அறைக்குள். இணையவழியில் உங்கள் குரல் போய்ச்சேர வேண்டும், மாணவர் ஒலிவாங்கியைத் திறக்க வேண்டும், அவர் குரல் திரும்பி வர வேண்டும். கணிதமாக இருந்தால் நடுவே யோசிக்கவும் வேண்டும். பத்து விநாடி மௌனம் உங்களுக்கு மிக நீளமாகத் தோன்றும்; யோசிக்கிறவருக்கு அது போதாமல்கூட இருக்கும். அந்த மௌனத்தை நிரப்ப நீங்களே விடையைச் சொல்லிவிட்டால், காத்திருந்தால் ஆசிரியரே சொல்லிவிடுவார் என்பதைத்தான் வகுப்பு கற்றுக்கொள்ளும்.

மாணவர்கள் கணக்குப் போடும் நேரத்தில் பகிர்வையே நிறுத்திவிடுவதும் நல்ல பழக்கம். திரையைப் பகிரும்போது முகங்கள் சிறு கட்டங்களாகச் சுருங்கிவிடுகின்றன, கைப்பேசியில் பார்க்கிறவர்களுக்கு உங்கள் முகமும் மறைந்துவிடுகிறது. கணக்கை உரையாடல் பெட்டியில் ஒட்டிவிட்டுப் பகிர்வை நிறுத்தினால் நீங்கள் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் நோட்டைப் பார்ப்பார்கள்.

புதிய பகுதியைத் தொடங்கும் நாளில் உடனே "நீங்களே போடுங்கள்" என்று தள்ளிவிட வேண்டாம் என்பதையும் இங்கே சேர்க்கிறேன், ஏனென்றால் இதுவரை சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் செய்த ஆய்வில், தீர்த்துக் காட்டிய கணக்குகளை முதலில் படித்த மாணவர்கள், அதேபோன்ற கணக்குகளைப் பிறகு வேகமாகவும் பிழை குறைவாகவும் போட்டார்கள். முதல் கணக்கை நீங்கள் முழுதாகப் போட்டுக்காட்டுங்கள், உரக்க யோசித்தபடி. இரண்டாவதில் கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடுங்கள். மூன்றாவதில் பாதியை விடுங்கள். நான்காவது அவர்களுடையது. திரையில் இதைச் செய்வது மிக எளிது: ஒரே பக்கத்தை நகலெடுத்து, வரிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனால் போதும். இங்கே மட்டும் அழிப்பானுக்கு முழு உரிமை உண்டு.

கடைசியாக, வாங்குவதைப் பற்றி. கையில் ஒரு கைப்பேசியும் கணினியும் இருந்தால் இன்றே தொடங்கலாம். கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் கீழ்நோக்கி வைத்து, அதை வகுப்பில் இரண்டாவது பங்கேற்பாளராகச் சேர்த்து, வெள்ளைத் தாளில் தடித்த பேனாவால் எழுதுங்கள். அந்தக் கைப்பேசியின் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊளைச்சத்தம் கிளம்பும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, எழுதும் கைக்கு எதிர்ப்புறத்திலிருந்து விழட்டும். நிழல் எழுத்தை மறைக்காது. எழுத்து உங்கள் திரையில் இடவலமாகத் தெரிந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் அது உங்களுக்கு மட்டும் காட்டப்படும் கண்ணாடிப் பார்வை. தாளில் எழுதுவதில் இன்னொரு நன்மை: மாணவர் உங்கள் கையைப் பார்க்கிறார், கவராயம் பிடிப்பதையும் பாகைமானி வைப்பதையும் வேறெப்படியும் காட்ட முடியாது.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், திரையில்லாத எளிய பேனா டேப்லெட்டே முதல் தேர்வு. கை மேசையில், கண் திரையில் என்பது தொடக்கத்தில் சிரமமாக இருக்கும், எழுத்து கோணலாகும். வகுப்புக்கு வெளியே பெருக்கல் வாய்ப்பாட்டையாவது எழுதிப் பழகுங்கள். கை தானாக வழிக்கு வரும். எழுதுவதற்கு ஒன்நோட், ஓப்பன்போர்டு போன்ற எதுவும் போதும். எந்த வெண்பலகைச் செயலியானாலும் வகுப்பு முடிந்ததும் பக்கங்களைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து மாணவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். கூகுளின் ஜாம்போர்டு 2024 இறுதியில் மூடப்பட்டது. செயலிகள் போகும், கோப்பு உங்களிடம் இருக்கும். இணைப்பு அறுந்து பாதி வகுப்பைத் தவறவிட்டவருக்கும் அந்தக் கோப்புதான் துணை, எண் போட்ட வரிகள் அப்போது இரட்டிப்புப் பயன் தரும்.

பகிரும்போது முழுத்திரையையும் பகிராமல் ஒரு சாளரத்தையோ திரையின் ஒரு பகுதியையோ மட்டும் பகிருங்கள். சொந்தச் செய்திகளும் விடைக்குறிப்பும் அதற்கு வெளியே இருக்கட்டும். சாளரத்தை மட்டும் பகிர்ந்தால் சில செயலிகளின் பட்டியல்களும் உரையாடல் கட்டங்களும் மாணவருக்குத் தெரியாமல் போவதுண்டு. ஜியோஜீப்ராவை இயக்கக் கற்றுக்கொடுக்கும் நாளில் திரையின் பகுதியைப் பகிர்வதே மேல். ஒவ்வொரு வகுப்புக்கும் முன் பழைய கைப்பேசி ஒன்றில் மாணவராக நுழைந்து உங்கள் எழுத்தை நீங்களே பாருங்கள். கைநீட்டும் தூரத்தில் அடுக்குக்குறிகள் தெளிவாகத் தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஒரு பக்கத்தில் எட்டு வரிக்கு மேல் வேண்டாம்.